ட்ராஃப்டுக்கு நான்கு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரப் பத்திரிகையில் ஐ.பி.எல். ஏலத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ரிஷப் பந்தை லக்னோ 27 கோடி ரூபாவுக்கு எடுத்த செய்தி படத்தோடு வந்தது. நல்லது, நானும் ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். அதே பக்கத்தின் அடியில் நான்கே வரியில் இன்னொரு செய்தி: அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட (சொக்கர் அல்ல, இந்த நாட்டுக்கே உரிய ஆட்டம்) “ஏலத்தில்” ரிச்மண்ட் கழகம் எட்டு இளம் வீரர்களை “வாங்கியது” என்று. அந்த நான்கு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே ஒருவரும் ஒருவரையும் வாங்குவதில்லை, ஐயா. இதற்குப் பெயர் ட்ராஃப்ட், கழகங்கள் வரிசையாக வந்து இளம் வீரர்களைத் தெரிந்தெடுக்கும் முறை. அந்த மேடையில் காசுப் பேச்சே கிடையாது. ஏ.எஃப்.எல். என்ற இந்த லீக்கில் மொத்தம் 18 கழகங்கள். அந்த வருடம் கடைசியாக வந்த கழகம் முதலில் தெரிந்தெடுக்கும், கிண்ணம் வென்ற கழகம் வரிசையின் கடைசியில் நிற்கும். 1986 முதல் இதுதான் முறை. எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று பையனை யாரும் கேட்பதில்லை. பேர்த் பையன் மெல்பேர்னுக்கு வரவேண்டியிருக்கும், மெல்பேர்ன் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடிலெய்டுக்குப் போகவேண்டியிருக்கும். ஆரம்பச் சம்பளம்கூட லீக்கும் வீரர் சங்கமும் முன்பே பேசி வைத்த அட்டவணைப்படிதான். இதை ஏலம் என்று எழுதினால், இங்கே பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகள் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் பேரன் சிரித்தான்.

நான் எப்படி ரிச்மண்ட் ஆள் ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ரிச்மண்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். 1990இல் ஒரு நாள் வேலை முடிந்து ஸ்வான் வீதியால் நடந்து வருகிறேன், மஞ்சளும் கறுப்புமாகக் கழுத்துச் சால்வை போட்ட ஒரு கிழவர் முன்னால் வந்து தகரத்தைக் குலுக்கினார். எங்கள் ஊரில் உண்டியல் குலுக்கினால் காரணம் கேட்காமல் போடுவதுதானே பழக்கம். இரண்டு டொலர் குற்றியைப் போட்டேன். அவர் என் சட்டையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, தோளில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனார். கடனில் மூழ்கியிருந்த கழகத்தைக் காப்பாற்ற 10 இலட்சம் டொலர் சேர்க்கிறார்கள் என்பது அடுத்த நாள் வேலையிடத்தில்தான் தெரிந்தது. காசு போட்ட இடமாயிற்றே என்று அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கியவன், இன்னும் விடவில்லை. கழகத்தின் சின்னம் புலி. நான் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் யாராவது வேறு மாதிரி விளங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று மனைவிக்குப் பயம். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க ரிச்மண்ட் என்றே இருக்கும்.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். 2017, 2019, 2020 என்று மூன்று கிண்ணம் வென்ற கழகம், 2024இல் 23 ஆட்டத்தில் இரண்டை மட்டும் வென்று கடைசியாக வந்தது. இங்கே அதற்கு மரக்கரண்டி என்று பெயர். எங்கள் நட்சத்திர வீரர் டஸ்டின் மார்ட்டின் ஓய்வு பெற்றார். டானியல் ரியோலி, ஷை போல்ட்டன், லியம் பேக்கர், ஜாக் கிரஹம் நால்வரும் வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். வீடு காலியாகிப் போன மாதிரி இருந்தது. கைமாறாகக் கிடைத்தவை தெரிவு எண்கள்தான், அதாவது ட்ராஃப்டில் எத்தனையாவதாக எடுக்கலாம் என்ற இடங்கள். ஒரே ட்ராஃப்டில் முதல் 25 பேருக்குள் ஆறு பேரை எடுக்கும் வாய்ப்பு எங்கள் கழகத்துக்கு இதற்கு முன் கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நவம்பர் 20, புதன்கிழமை இரவு, மகள் வீட்டில் இருந்து பார்த்தோம். பேரனுக்கு வயது பதினொன்று. கொப்பியில் கோடு போட்டு, எண், பெயர், உயரம், இடம் என்று நாலு நிரல் வைத்திருந்தான். முதல் பெயர் சாம் லாலர். அவனுக்கு அது முன்பே தெரியும், பெயரைப் பேனையால் எழுதியே வைத்திருந்தான். அடுத்தது எங்களுக்கு ஆறாவது என்று காத்திருந்தால் அது ஏழாவதாகிவிட்டது. இடையில் பிறிஸ்பேன், லெவை ஆஷ்க்ரொஃப்டைத் தகப்பன் வழி உரிமையில் எடுத்துக்கொண்டது. தகப்பன் ஒரு கழகத்துக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால், வேறு கழகம் மகனைக் கேட்டாலும், ஈடான தெரிவு எண்களைக் கொடுத்து அந்தக் கழகமே வைத்துக்கொள்ளலாம். செப்டெம்பரில் கிண்ணம் வென்ற கழகத்துக்கு நவம்பரில் இப்படி ஒரு பிள்ளை. அண்ணன்காரன் வில் ஏற்கனவே அங்கே, இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் பதக்கமும் அவனுக்குத்தான். “இது நியாயமா அம்மப்பா?” என்று பேரன் கேட்டான். காணி உறுதி முடித்த வீட்டில் மூத்த மகனுக்கு முன்வளவைக் கொடுப்பதில்லையா என்று நான் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை.

ஏழாவதாக ஜோஷ் ஸ்மில்லி. பன்னிரண்டாவதாக தாஜ் ஹொட்டன். தாஜ் என்றதும் குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்து, “எங்கட ஆக்களோ?” என்றாள். இல்லை. ஆனால் அதற்கு அடுத்த பெயரே எசண்டனுக்கு ஐசாக் காக்கோ, ஈராக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, கழகத்தின் அகாடமியில் வளர்ந்தவன். அப்புறம் எங்களுக்கு ஜொன்டி ஃபோல், லூக் ட்ரெய்னர், ஹரி ஆர்ம்ஸ்ட்ரோங். பிறகு டொம் சிம்ஸ். கடைசியாக, அடுத்த நாள் இரவு, 58ஆவது இடத்தில் ஜாஸ்பர் அல்ஜர். எட்டுப் பேரும் கொப்பியில் ஏறிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டண்டினோங்கில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் பின்பக்கம், பிளேன்ரீ குடிக்கும் இடத்தில், இதே கதைதான். நால்வர் நின்றோம், ஐந்து அபிப்பிராயம். ஒருவர், நெட்டையான முன்வரிசைக்காரர் இத்தனை பேர் எதற்கு, பந்தை நடுவில் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்றார். இன்னொருவர் ஃபின் ஓசலிவனை விட்டது பிழை என்று அடித்துச் சொன்னார். அவர் கார்ல்டன் ஆள், அவருக்கு ஏன் இந்த வேதனை என்று தெரியவில்லை. மூன்றாமவர் ஹொட்டனில் பிடித்துக்கொண்டார். முழங்கால் ஜவ்வு அறுந்து இந்த வருடத்தில் பெரும்பகுதி ஆடாத பிள்ளையைப் பன்னிரண்டாவதாக யாராவது எடுப்பானா, அந்த இடத்தை வீணாக்கிவிட்டார்கள் என்றார். பையன் ஜேர்சியை இன்னும் ஒழுங்காகப் போட்டுப் பார்த்திருக்கமாட்டான், அதற்குள் வீண்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அதே வேலையை நான் பல வருடம் செய்தவன்.

2004லும் நாங்கள்தான் கடைசி. முதலாவதாக பிரெட் டெலிடியோ. நாலாவதாக ரிச்சர்ட் டாம்ப்ளிங். அடுத்து, ஐந்தாவதாக ஹோதோர்ன் எடுத்தது லான்ஸ் பிராங்க்ளினை. அந்தப் பிராங்க்ளின் பிறகு ஆயிரம் கோலுக்கு மேல் அடித்தார். 2008இல் ஒரே பருவத்தில் நூறைத் தாண்டினார், கிண்ணமும் தூக்கினார். எங்கள் வயிறு எரிந்தது. எம்.சி.ஜி. மைதானத்தில் டாம்ப்ளிங் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் எங்கள் வரிசையில் இருந்து “பிராங்க்ளின்!” என்று ஒரு சத்தம் போகும். அதில் என் சத்தமும் உண்டு, பெரிய சத்தம். ஒரு சனிக்கிழமை முன்வரிசையில் இருந்து பின்னிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்கார அம்மா ஊசியை நிறுத்தி, திரும்பி, என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பிள்ளையா தன்னைத்தானே நாலாவதாகத் தெரிந்தெடுத்தது?” பிறகு திரும்பிப் பின்னத் தொடங்கிவிட்டார். அவர் ரிச்மண்ட் நிறத்தில்தான் பின்னிக்கொண்டிருந்தார். நான் அன்று மிச்ச ஆட்டம் முழுவதும் வாய் திறக்கவில்லை.

டாம்ப்ளிங் எங்களுக்காக 100 ஆட்டத்துக்கு மேல் ஆடினார். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத கணக்கு அது. வேறு எவருக்கும் முன்னால் எடுக்கப்பட்டிருந்தால் நல்ல வீரர் என்று சொல்லியிருப்போம். டெலிடியோ கதை இன்னொரு விதம்: 243 ஆட்டம் எங்களுக்கு ஆடி, 2016 முடிவில் வெளியேறினார். அடுத்த வருடமே நாங்கள் 37 வருடத்துக்குப் பிறகு கிண்ணம் வென்றோம். கடையில் இதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. கேன் லாம்பர்ட் முக்கிய ட்ராஃப்டில் யாரும் எடுக்காமல் புதுமுகப் பட்டியலில் வந்து சேர்ந்தவர், மூன்று கிண்ணத்திலும் ஆடினார். மார்லியன் பிக்கெட்டை 2019இல் பருவத்தின் நடுவில் எடுத்தார்கள், அப்போதே அவருக்கு 27 வயது, சிறைக்கும் போய் வந்தவர். அந்த வருட இறுதி ஆட்டத்தில்தான் முதல்முறை களம் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் அறிமுகமாவது 1952க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆகவே 58ஆவது இடத்து அல்ஜரின் பெயரையும் பேரன் அதே அளவு எழுத்தில் எழுதியிருப்பது எனக்குச் சந்தோசம்.

கழகத்தின் பண்ட் ரோட் மைதானத்தில் பயிற்சி பார்க்க ஆட்களை விடும் நாளில், கிளென் வேவர்லி ரயிலில் பேரனையும் கூட்டிக்கொண்டு போக இருக்கிறேன். ஹொட்டன் ஓடுகிறானா, ஓரமாக நடக்கிறானா என்று பார்த்துவந்து கடையில் சொல்லவேண்டும்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. வரும் இதழில் “ஏலம்”, “வாங்கியது” இரண்டையும் திருத்தி ஒரு வரி போடுங்கள். அடுத்த நவம்பரில் எழுத ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். பக்கத்தின் அடியில் இல்லாமல் கொஞ்சம் மேலே இடம் தந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் தொழிலாளி ஒருவர்,
கிளென் வேவர்லி, மெல்பேர்ன்.