இடது கைக்காரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் கொஞ்சம் படுத்துகிறது, அதை விடு. பதில் தாமதமானதற்குக் காரணம் என் பேத்தி. எட்டு வயது முடிந்துவிட்டது, மிருதங்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், சரி என்று பக்கத்திலேயே ஒரு வகுப்பில் சேர்த்தோம். அவள் இடது கைக்காரி என்பது உனக்குத் தெரியும். சாப்பிடுவதை மட்டும் அவள் பாட்டி அதட்டி மாற்றிவிட்டாள், எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இன்னும் இடது கைதான். முதல் நாளே அந்த ஆசிரியர், "கையை மாத்திக்கிட்டா சொல்லித் தரேன், இல்லேன்னா வேற வாத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தாங்கவே இல்லை.

அன்று ராத்திரி எனக்கு மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை ஞாபகம் வந்தது. உன் மாமா வீட்டில் கரகரவென்று இரைச்சலோடு ஒரு கேசட் இருக்குமே, பாட்டுகூட எங்கோ தூரத்தில் கேட்கும், ஆனால் தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கத்தின், கும்கி என்கிற வளைந்த நாதம் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி அவ்வளவு தெளிவாக இருக்கும். நாம் பாட்டை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட விடுவோம். அவர் 1962இலேயே போய்விட்டார், நமக்குக் கிடைத்ததெல்லாம் அந்த மாதிரி ஒலிப்பதிவுகள்தான்.

அவரும் இடது கைக்காரர். மேடையில் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று இப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். பாடுகிறவரின் வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின் என்பது வழக்கம், அப்போதுதான் வலந்தலை, அதாவது கணீரென்று ஒலிக்கிற பக்கம், சபையைப் பார்த்து இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிதான் ஜனங்களைப் பார்க்கும். ஆகவே இவர் இந்தப் பக்கம் வர வேண்டும், வயலின்காரர் அந்தப் பக்கம் போக வேண்டும். அதற்குச் சில வயலின் வித்வான்கள் சம்மதிக்கவில்லை. யோசித்துப் பார், உட்காரும் இடத்துக்காக ஒரு வித்வானுக்குக் கச்சேரி போகிறது. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரை விடாமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பாடினார். செம்பைக்கு நான் கும்பிடு போடுவது அவருடைய குரலுக்காக மட்டும் இல்லை.

சுப்ரமணிய பிள்ளையின் அப்பா பழனி முத்தையா பிள்ளை தவில்காரர், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். கஞ்சிரா என்கிற, கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் அந்த மான்பூண்டியா பிள்ளை. அதனால் தவிலின் கணக்கும் கஞ்சிராவின் சுறுசுறுப்பும் அந்த வழியில் மிருதங்கத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. மகன் பழனி சுப்ரமணிய பிள்ளை கஞ்சிராவும் வாசிப்பார். ஆனால் எனக்கு அவருடைய கணக்கைவிட, பாட்டுக்கு நடுவே அவர் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற அந்த இடங்கள்தான் பெரிதாகத் தோன்றுகின்றன. வாசிக்காமல் இருக்கவும் ஒருவர் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அவருடைய சீடர்களே சாட்சி.

இதில் எனக்கு ஆச்சரியமானது ஒன்று உண்டு. சென்னை மியூசிக் அகாடமி தரும் சங்கீத கலாநிதி பட்டம் மிருதங்கத்துக்கு முதல் தடவையாக 1966இல் பாலக்காடு மணி ஐயருக்குக் கிடைத்தது, பழனி அதற்கு நான்கு வருஷம் முன்பே மறைந்துவிட்டார். அந்தப் பட்டத்தைப் பார்க்காமல் போனவரின் வாசிப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது பார். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் இவரிடம் கற்றவர். 1963இல் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல வருஷம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொற்கட்டு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கள், சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் திருச்சி சங்கரன். பதின்மூன்று வயதில் பாடகர்கள் ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து அரங்கேறியவர். குரு மறைந்தபோது அவருக்குச் சுமார் இருபது வயதுதான். 1971இல் டொராண்டோவுக்குப் போய், கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசை வகுப்பைத் தொடங்கினார். 2011இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தபோது நீ அங்கிருந்து போன் செய்து கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சீடர் வலது கைக்காரர் என்பதையும் கவனி. எதிரே உட்கார்ந்து சொல்லித் தரும் குருவுக்கு இடது கை, பிள்ளைக்கு வலது கை, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்திருக்கும். குருவின் கை அங்கே தடையாக இருக்கவில்லை, இங்கே மட்டும் குழந்தையின் கை எப்படித் தடையாகும்?

அப்புறம் என்ன செய்தேன் என்றால், வாத்தியத்தையே கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைத்துவிட்டேன். வாயால் சொல்லு, கையால் தாளம் போடு, அவ்வளவுதான். த தி கி ண தொம், ஐந்து. நடுவே ஒரு கார்வை, அதாவது ஒரு எண்ணிக்கைக்கு இடைவெளி, விட்டால் ஆறு, இரண்டு விட்டால் ஏழு. சமையலறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவள் பாட்டிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போன வாரம் மிருதங்கத்தைத் திருப்பி வைத்தோம், வலந்தலை இடது கைப் பக்கம். முதல் 'தா' சரியாக விழவில்லை, ஐந்தாறு தடவைக்குப் பிறகு ஒன்று கணீரென்று விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள் பார், அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வேறு ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார், வயதானவர், கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீ டிசம்பரில் வரும்போது உன் வயலினையும் எடுத்து வா. அவள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும், இடத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக வா.

அன்புடன்,
உன் பழைய கேசட் கூட்டாளி