நீ நன்மை வாங்கப் போகாத ஞாயிறு

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு பூசையில் நன்மை, அதாவது கிறிஸ்துவின் உடலாகக் குருவானவர் தரும் அப்பத்தை, வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமே இல்லம்மா. "அது உண்மையாவே இயேசுவா மாறுதுன்னு நம்ப முடியலப்பா, அப்புறம் எப்படி ஆமென் சொல்றது" என்று கேட்டாயே, நான்கு நாளாக அதே நினைப்புதான். குருவானவர் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நீட்டும்போது நாம் சொல்கிற ஆமெனுக்கு "ஆம், அதுவேதான்" என்று அர்த்தம். மனதில் இல்லாததை வாயால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் "ஒரு அடையாளம்னு எடுத்துக்கிட்டா போதாதா" என்று கேட்டாய் பார், அதற்கு மட்டும் என்னால் சரி என்று சொல்ல முடியாது. யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தைக் கடைசி வரை வாசி. "எனது சதை உண்மையான உணவு" என்று ஆண்டவர் சொன்னதும், கூடவே நடந்த சீடர்களில் பலபேர் இதைக் கேட்கவே முடியவில்லை என்று விலகிப் போகிறார்கள். உவமையாகத்தான் சொன்னேன், திரும்பி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. தம் முக்கியச் சீடர் பன்னிருவரைப் பார்த்து நீங்களும் போகிறீர்களா என்று கேட்கிறார். பேதுரு எனக்குப் புரிந்துவிட்டது என்றா சொன்னார்? "ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?" என்றார். புரியாமலே கூட நின்ற மனிதர் அவர், எனக்கு எப்போதும் துணை அந்த ஒரு வரிதான்.

சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தால் கோதுமைதானே இருக்கும் என்றாய். ஆமாம், கோதுமைதான் தெரியும், திருச்சபையும் அப்படித்தான் சொல்கிறது. நிறம், ருசி, மணம் எதுவும் மாறுவதில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்களுக்கு அது உடம்புக்குக் கெடுதல் செய்யும், அதனால்தான் அவர்கள் கிண்ணத்திலிருந்து திராட்சை ரச வடிவில் திருஇரத்தத்தை மட்டும் வாங்கலாம் என்று அனுமதி இருக்கிறது, இரண்டில் எதை வாங்கினாலும் முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம். மாறுவது, அது அடிப்படையில் என்னவாக இருக்கிறதோ அது. இதற்குப் பொருள்மாற்றம் என்ற சொல்லை 1215இல் திருச்சபையின் பொதுக்கூட்டமான நான்காம் லாத்தரன் சங்கம் எடுத்தாண்டது, 1551இல் திரிதெந்து சங்கம் உறுதி செய்தது. சொல்தான் பிந்தி வந்தது. 155ஆம் ஆண்டுவாக்கிலேயே புனித ஜஸ்தீன் என்ற ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர், இதைச் சாதாரண அப்பமாக நாங்கள் வாங்குவதில்லை, இயேசுவின் சதையும் இரத்தமும் என்றே கற்றுக்கொண்டோம் என்று ரோமைப் பேரரசருக்கே எழுதிவிட்டார்.

இன்னொன்றும் கவனி. அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு முன் குருவானவர் "இது கிறிஸ்துவின் உடல்" என்று சொல்வதில்லை, "என் உடல்" என்கிறார். அங்கே பேசுவது கிறிஸ்துதான், சாமியார் தன் குரலைக் கொடுக்கிறார். இயேசு சிலுவையில் இறந்த கல்வாரியில் ஒரே தடவை நடந்த அதே பலி அந்தப் பீடத்தில் நம் முன்னால் இருக்கிறது, புதிதாக இன்னொரு பலி கிடையாது.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. என்னை நம்ப வைத்தது வேறு. பத்து வயதில் பீடச்சிறுவனாக இருந்தபோது, நன்மை வாங்குகிறவர்களின் தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு போவது என் வேலை. எல்லாம் முடிந்ததும் குருவானவர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துகள் இருக்கும். அதை விரலால் மெதுவாகத் தள்ளிக் கிண்ணத்தில் விடுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன், விரலையும் அதிலேயே கழுவிக் குடித்துவிடுவார். ஒருநாள்கூட அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. வெறும் அடையாளம் என்றால் ஒரு துகளுக்கு யார் இவ்வளவு பார்ப்பார்கள்?

நம்பிக்கை வராமல் வரிசையில் போய் நிற்காதே, நானே வேண்டாம் என்கிறேன். ஆனால் பூசையை விட்டுவிடாதே. "நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவள்" என்று எல்லாரும் சொல்லும்போது நீயும் சொல், அது தகுதி இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கான ஜெபம் கிடையாது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் நாளாகிவிட்டது என்றால் போய்விட்டு வா, இந்தச் சந்தேகத்தையும் அந்தக் குருவிடமே மறைக்காமல் கேள்.

ஒரு வார நாளில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோவிலுக்குப் போ. அந்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை பக்கத்தில் சின்ன விளக்கு எரியும். அதன் முன்னால் கொஞ்சநேரம் சும்மா உட்கார். ஜெபம் வரவில்லை என்றால் பேதுரு கேட்டதையே நீயும் கேள். இந்த ஞாயிறு எழுந்தேற்ற மணி அடிக்கும்போது நான் உன் பெயரைத்தான் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா