ஒரே எழுத்துரு வரைவை இரண்டு பெயரில் விற்றது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு பாதம் உள்ள) எழுத்துருக் குடும்பத்தின் 'டெக்ஸ்ட்' வகைக்கான பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்களிடம் நான் வாங்கிய எழுத்துருக் குடும்பத்தில் 'டிஸ்பிளே', 'டெக்ஸ்ட்' என இரண்டு வகைகள் உண்டு. முதலாவது தலைப்புகளுக்கு, இரண்டாவது 8 முதல் 12 பாயிண்ட் வரையிலான உள்பக்க வாசிப்புக்கு என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி ஒரு கண்காட்சிக் கையேட்டின் ஆங்கிலப் பகுதி முழுவதையும் இதிலேயே அமைத்தேன்.

தலைப்புகளில் எனக்குக் குறையே இல்லை. 72 பாயிண்டில் தடித்த தண்டும் மயிரிழைக் கோடும் சேர்ந்து நிற்கும் அழகுக்காகத்தான் இதை வாங்கினேன். வினை 9 பாயிண்டில் வந்தது. பூச்சில்லாத தாளில் ஓட்டிய புரூஃபில் (சோதனை அச்சில்) சின்ன 'e'யின் குறுக்குக்கோடு காணாமல் போய் அது 'c' ஆகிவிட்டது. 'n', 'm' இரண்டும் மேல் வளைவு அறுந்து வெறும் கால்களாக நிற்கின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விட்ட படக்குறிப்புகளில் மை பரவி, மெல்லிய கோடுகள் அடைந்தே போயின.

இரண்டு கோப்புகளையும் எழுத்துரு எடிட்டரில் திறந்து பார்த்தேன். எழுத்தளவை 1000 அலகாகப் பிரிக்கும் சட்டத்தில் மெல்லிய கோடு இரண்டிலும் 20 அலகுதான். தண்டின் தடிமன், எழுத்திடைவெளி, எதிலும் மாற்றமில்லை. பெயர் மட்டுமே வேறு! 20 அலகு என்பது 72 பாயிண்டில் 1.44 பாயிண்ட் கனம். 9 பாயிண்டில் வெறும் 0.18, அதாவது சுமார் 0.06 மில்லிமீட்டர். எந்த அச்சகம் இதற்குப் பொறுப்பேற்கும்?

தடிப்பும் மெலிவும் கலந்த இந்த வகை எழுத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஐரோப்பிய அச்சாளர்களான பொடோனி, டிடோ காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சுதான் வெட்டினார்கள். சிறிய அளவில் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கவும் இடைவெளியைத் தளர்த்தவும் அது இடம் கொடுத்தது. கணினிக்கு வந்த பிறகும் தெரிந்தவர்கள் இதை விடவில்லை. 1994இல் வெளியான 'ஐடிசி பொடோனி' எழுத்துரு 6, 12, 72 பாயிண்டுகளுக்கென மூன்று தனி வரைவுகளோடு வந்தது. எழுத்துரு வடிவமைப்பாளர் ஹோஃப்லரின் டிடோ எழுத்துருவில் ஏழு அளவு வரைவுகள். நீங்கள் இரண்டு என்று சொல்லி ஒன்றைத் தந்திருக்கிறீர்கள்.

தங்கள் உதவிப் பிரிவோ, 'போல்டு பயன்படுத்திப் பாருங்கள்' என்று பதில் எழுதியது. எழுதியவர் அந்த போல்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அதில் தண்டுதான் பருக்கிறது, மயிரிழை அப்படியே இருக்கிறது. தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள முரண் கூடினால் வாசிக்கையில் கண் இன்னும் கூசும்.

பட்டியல்களுக்கான சம அகல எண்களும் இல்லை. விவரக்குறிப்பில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதையும் சேர்த்துக் கவனிக்கவும்.

9 பாயிண்டில் அச்சுக்குத் தாங்கும்படி தனியாக வரைந்த டெக்ஸ்ட் வகையைக் கூடுதல் கட்டணமின்றி அனுப்புங்கள். இயலாதென்றால், டெக்ஸ்ட் உரிமத்துக்கான தொகையை முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் 'உள்பக்க வாசிப்புக்கு' என்ற வரியை உடனே நீக்க வேண்டும். புரூஃபின் ஸ்கேன், இரு கோப்புகளின் ஒப்பீட்டுப் படம், ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நூல் வடிவமைப்பாளர்