மாத்திரையை இன்றே நிறுத்திவிடாதே

அப்புத்தளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள புஷ்பம்,

இங்கு எல்லோரும் நலம். மூத்தவனின் பென்ஷன் விடயம் இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. மழையும் விட்டபாடில்லை. மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம்.

போன செவ்வாய் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நீ என்னை அழைத்து, சின்னவளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றி விடாமல் பேசினாய். ஜாதகம், பையன் வேலை பார்க்கும் கொழும்புக் கடை, வரப்போகும் சம்பந்தியம்மாவின் வைர மூக்குத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பேச்சை நான் எடுத்தபோது, "இது உனக்கு யார் சொன்னது?" என்று என்னையே கேட்டாய். கோட்டகலை விடுதியில் வார்டன் அம்மாவிடம் காட்டுவாயே, அந்த அப்பாவி முகத்தை இப்போது என்னிடமும் காட்டுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகுதான், அண்ணன் போன நாள் முதல் தூக்க மாத்திரை போட்டு வருவதைச் சொன்னாய். சொன்ன கையோடு, "இன்றைக்கே குப்பையில் போடுகிறேன்" என்றும் சொல்லிவிட்டாய். நீ மறந்ததை விட, இப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. இரவில் தொலைபேசியில் சொன்னால் உனக்குத் தங்காது. கடிதமென்றால் வேண்டும்போது எடுத்துப் படிப்பாய் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் பெரியக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் கட்டிக் கொடுத்த ரொட்டியையும் கட்டச் சம்பலையும் என்னை விட நீதான் அதிகம் தின்றிருக்கிறாய். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து லய வீடுகளைப் புதைத்ததிலிருந்து மழை இரவுகளில் அவளுக்குத் தூக்கம் அற்றுப்போனது. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒரு தனியார் டாக்டர் இரண்டு கிழமைக்கென்று டயசிபாம் என்ற தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டைக் காட்டிக் காட்டியே வருடக்கணக்காகப் பாமசியில் மாத்திரை வாங்கியிருக்கிறாள். போதும் என்று அவளைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டிலேயே டாக்டர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள் என்பதை நான் இப்போதுதான் அறிந்தேன்.

லயத்துப் பெண்களின் சீட்டுக் கணக்கு முழுவதையும் கொப்பி இல்லாமல் மனதிலேயே வைத்திருந்தவள் அவள். அப்படிப்பட்டவள் ஒரு மாதம், கட்டிவிட்டுப் போன பெண்ணையே கட்டவில்லை என்று பிடித்துக்கொண்டாள். அடுத்த மாதம் ஒருத்திக்கே இரண்டு முறை சீட்டைக் கொடுத்தாள். அக்கா பணத்தை எடுத்துவிட்டாள் என்று வாசலில் நின்று பேசினார்கள். வீட்டிலும் வயதாகிவிட்டது, மறதி நோய் வந்துவிட்டது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். ஆனால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்களைப் பற்றிக் கேட்டால், எந்த லயத்து எந்தக் காம்பராவிலிருந்து யார் யார் தலைமன்னார் ரயில் ஏறினார்கள் என்று பிள்ளைகளின் பெயரோடு சொல்வாள். காலையில் தோசை சாப்பிட்டாளா என்று கேட்டால்தான் தெரியாது.

கடைசியில் கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா, வீட்டில் இருக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சின்னச் சின்னக் காகித உறைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் பிரித்து மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். பாமசி உறையில் இருந்த அதே மாத்திரை இன்னோர் ஆஸ்பத்திரி உறையிலும் இருந்தது. இரண்டிலும் சிங்களத்தில் எழுதியிருந்ததால், வேறு வேறு மருந்து என்று எண்ணி அக்கா இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறாள். தடிமனுக்கென்று போட்ட பிரிட்டோன் (Piriton) மாத்திரை மூன்றாவது உறையில் இருந்தது. அதுவும் வயதானவர்களின் ஞாபகத்தைக் கலக்கக்கூடியது என்றார். நமது சனத்தின் கையில் அவர்களால் வாசிக்க முடியாத உறைகளைக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு மறதி என்று நாம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம், புஷ்பம்! அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்கும் காபா என்ற இரசாயனம் இருக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் கையை ஓங்கச் செய்கின்றன. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் அதனால் அடங்கிப்போகிறது. எனவே முன்பே பதிந்த பழைய நினைவுகள் அப்படியே இருக்கும், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடப்பவைதான் பதியாமல் போகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மிடசோலத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன் ஊசியாகப் போடுவதற்கு, நோயாளிக்கு நடந்தது நினைவில் நிற்காது என்பதும் ஒரு காரணமாம். அதோடு, நினைவுகளை உறுதிப்படுத்தும் ஆழ்ந்த தூக்கத்தையும் டயசிபாம் குறைக்கிறது. அதன் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஒன்றிரண்டு நாள் ஆகும். முதியவர்களுக்கு இன்னும் அதிகம். நாள்தோறும் போட்டால் நேற்றையதன் மேல் இன்றையது ஏறிப் பகலிலும் மந்தமாகவே இருக்கும்.

நீ போடும் சோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும் அதுவும் மூளையில் அதே இடத்தில்தான் போய் ஒட்டுகிறது. விரைவில் வேலை செய்வதால், படுக்கையில் சாய்வதற்குச் சற்று முன்தான் அதைப் போட வேண்டும். நீ எட்டரைக்கே போட்டுவிட்டு என்னோடு ஊர்க்கதை பேசினால், பேசியது மறுநாள் எப்படி நினைவிருக்கும்? இன்னொன்றும் கேள். மறுநாள் காலையிலும் பெண்களின் இரத்தத்தில் அது கூடுதலாகத் தங்குகிறது என்று கண்டு, பெண்களுக்கான அளவை 10 இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013 இல் அறிவித்தது. உன் பெட்டியில் 10 என்று இருப்பதாக நீதான் சொன்னாய். தூக்கத்திலேயே எழுந்து நடப்பதும் சமைப்பதும் வாகனம் ஓட்டுவதும் நேரலாம் என்று 2019 இல் அதே நிறுவனம் கடுமையான எச்சரிக்கையும் விடுத்தது. உன் வீட்டுக் கேஸ் அடுப்பை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. இரவில் சிலிண்டரைப் பூட்டிவிடும்படி மருமகளிடம் இன்றே சொல்.

இதனால் அல்சைமர் என்ற மறதி நோய் வந்துவிடுமோ என்று நீ அழுதாய். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்து 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று டயசிபாம் வகை மாத்திரைகளுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு கண்டது உண்மைதான். ஆனால் தூக்கமின்மையும் மனக்கலக்கமும் அந்நோயின் முன்னறிகுறிகளாகவும் இருக்கக்கூடும் என்பதால், மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பின்னர் வந்த சில ஆய்வுகளில் அத்தொடர்பு தெளிவாகத் தெரியவுமில்லை. வீணாகக் கலங்காதே.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். நீண்ட நாள் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னிலும் மோசமாகக் கெடும். படபடப்பும் நடுக்கமும் வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக்கை நடத்திய ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை, மெதுவாக, மாதக்கணக்கில், அவரவர் உடல் தாங்கும் வேகத்தில் குறைக்கச் சொன்னார். அக்காவுக்கும் அப்படித்தான் செய்தோம். மாத்திரையைக் கத்தியால் நான்காகப் பிளந்து, டாக்டரம்மா சொன்ன கணக்கில் ஒவ்வொரு துண்டாகக் குறைத்தோம். முதற்கட்டத்தில் அவள் பட்ட பாட்டை எழுத மனம் வரவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து, "பழைய குளிசையைத் தாடி" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

மாத்திரையோடு பழக்கங்களையும் மாற்றச் சொன்னார்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும், வராவிட்டால் எழுந்துவிட வேண்டும், எப்படித் தூங்கினாலும் விடிகாலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது. அமெரிக்க வைத்தியர்களின் கல்லூரி ஒன்று 2016 இல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைத் தொடுமுன் இத்தகைய பயிற்சியையே முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அக்கா தலையாட்டினாள். பிற்பகலுக்குப் பிறகு பிளேன்டீ கூடாது என்றபோதுதான், ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த எனக்கா தேத்தண்ணி இல்லை என்று டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனாள்.

இப்போது அவள் முகம் தெளிந்திருக்கிறது. காலையில் சொன்னதை மாலையில் சொல்கிறாள். சீட்டையும் மறுபடி தொடங்கிவிட்டாள். ஆனால் பேத்தி கொப்பியில் எழுதுகிறாள். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தம்பி மகனின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டவள், அந்தப் படத்தைக் காட்டினால், "நான் எப்போது போனேன்?" என்கிறாள். அன்று பதியாதது இனி வராது என்றார் டாக்டரம்மா. அதனால்தான் உன்னை அவசரப்படுத்துகிறேன். சின்னவளின் கல்யாணம் உனக்கு நினைவில் நிற்க வேண்டும்.

குப்பையில் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் உடனே ஒரு டாக்டரைப் பார். உறைகள், பெட்டிகள், இருமல் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. எத்தனை வருடமாகப் போடுகிறாய் என்பதைக் குறைக்காமல் சொல். தைரொயிட், பி12 குறைபாடுகளாலும் மறதி வரும் என்பதால் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல். வியாழக்கிழமை காலை ரயிலில் நான் அட்டனுக்கு வருகிறேன். தனியாகப் போகத் தயக்கமென்றால் அதுவரை பொறுத்திரு, சேர்ந்தே போகலாம். அதுவரை மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

அன்புடன்,
லெட்சுமி