லிப்பிட் பாடத்தைத் தள்ளி வைக்காதே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேசும்போது, "அயனி வாயில்கள், புரதங்கள் எல்லாம் முடிச்சாச்சும்மா, லிப்பிட் செல்லைச் சுத்தியிருக்கிற வெறும் கொழுப்பு உறைதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். இத்தனை வருஷம் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியவளுக்கு அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஓய்வில் இருக்கும் நரம்பு முனைக்குள் கால்சியத்தின் செறிவு ஏறக்குறைய 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல் 10,000 மடங்குக்கு மேல். உள்ளே வருவதைப் பம்புகள் ஓயாமல் வெளியே தள்ளுகின்றன, சரி. ஆனால் குடமே ஓட்டையென்றால் எவ்வளவு இறைத்து என்ன? இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்குவது சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள கொழுப்புப் படலமான செல் சவ்வு. அது தடுத்து நிறுத்துவதால்தான், வாயில் திறந்ததும் நுழையும் கொஞ்சம் கால்சியம்கூட ஒரு செய்தியாகிறது.

வாயில் திறந்த பிறகு நடப்பதைக் கவனி. அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டு போகும் நரம்புக் கடத்தியை அடைத்து வைத்த நுண்பையின் மேலுள்ள சினாப்டோடாக்மின் புரதத்தைக் கால்சியம் சேர்கிறது. பாடம் நடத்துகிறவர்கள் பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படும். ஏனென்றால் அந்தப் புரதத்துக்குத் தனியாகக் கால்சியத்தின் மேல் பிடிப்பு குறைவு. சவ்வின் உட்புறத்தில் பாஸ்பாட்டிடைல்செரீன், பிஐபி2 என்று எதிர்மின்னூட்டம் கொண்ட லிப்பிட்டுகள் இருக்கின்றன. அவற்றின் தலைப்பகுதியும் புரதமும் இருபுறமும் சேர்ந்துதான் கால்சியத்தை இறுகப் பிடிக்கின்றன. பிடித்ததும் புரதத்தின் நுனி சவ்வுக்குள் சற்றே அமிழ்கிறது. நுண்பை சவ்வோடு கலந்து நரம்புக் கடத்தியைக் கொட்டுகிறது. கால்சியம் நுழைந்ததிலிருந்து இவ்வளவும் ஒரு மில்லி விநாடிக்குள்! 1967இல் டாட்ஜும் ரஹாமிமோஃபும் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அளந்து பார்த்தார்கள். கால்சியம் குறைவாக இருக்கும் நிலையில், அதை இரட்டிப்பாக்கினால் வெளியேற்றம் கிட்டத்தட்ட 16 மடங்காகிறது.

இன்னொரு கதையும் உண்டு. 1953இல் மேபல் ஹோக்கினும் லோவெல் ஹோக்கினும் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியைச் சேர்த்தபோது, கதிரியக்கப் பாஸ்பரஸ் அங்குள்ள பாஸ்போலிப்பிட்டுகளில் (பாஸ்பரஸ் கொண்ட லிப்பிட்டுகளில்) வேகமாக ஏறியது. பிறகு மூளைத் திசுவிலும் அதையே கண்டார்கள். அதன் பொருள் துலங்க 30 வருஷம் ஆயிற்று. பிஐபி2 வெட்டுப்படும்போது பிரியும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறு, செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தை விடுவிக்கிறது என்று 1983இல் பெரிட்ஜ், இர்வின் ஆகியோர் அடங்கிய குழு காட்டியது. நீ 'வெறும் உறை' என்றாயே, அதிலிருந்தே பிறக்கிறது கால்சியத்தை அழைக்கும் ஆணை.

உன் பரிசோதனைக்கும் இது தேவைப்படும். அசிட்டைல்கோலினை ஏற்கும் மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டியதும் நரம்பு செல் அதிகமாக மின்துடிப்பு விட்டால், உடனே கால்சியத்தின் மேல் பழி போட்டுவிடாதே. பிஐபி2 குறைந்தாலே, துடிப்பை அடக்கி வைக்கும் எம்-மின்னோட்டத்தைத் தரும் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ளும். அதுவே செல்லைத் துடிப்பாக்கப் போதும். கால்சியத்தைக் கட்டிப்போடும் பொருளைச் செல்லுக்குள் செலுத்தியும் ஒருமுறை செய்து பார். அப்போதும் துடிப்பு ஏறினால் லிப்பிட் பக்கம் திரும்பு. என்ன கிடைத்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா