செயலாளரின் ஆண்டறிக்கை: மலைப்பாதையும் தெருவோரப் பலகாரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நம் நடைப்பயணச் சங்கத்தின் செயற்குழு உரிய காலங்களில் கூடியது. திருமயம் கோட்டைக்கு நடைப்பயணம் சென்றோம். வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகளைப் பார்த்தோம். அவற்றுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்களுக்கு நன்றி சொல்லித் திரும்பினோம். குன்றக்குடிப் பயணம் மழையால் தள்ளிப்போனது.

இனி, மலையேறும் வழியையும் சாப்பிடும் இடத்தையும் சேர்த்துச் சொல்லும் நம் வழித்தாள் பற்றி. பிள்ளையார்பட்டிக்கும் ஆத்தங்குடிக்கும் வழி சொல்லப் பலர் இருக்கிறார்கள். நார்த்தாமலையில் எந்தப் பக்கம் ஏறுவது, இறங்கியதும் குறைந்த காசில் எதைச் சாப்பிடுவது என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லை. அதற்காகவே இந்தத் தாளைத் தயாரித்தேன். புதுக்கோட்டை–திருச்சி சாலையில் இறங்கி ஊருக்குள் நடந்து, மேலமலையின் மொட்டைப் பாறையில் ஏறினால் மேற்கு நோக்கிய விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில் நிற்கும். எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. நிழல் அறவே கிடையாது. வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், போகக் கூடாது. திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டால் மதியச் சாப்பாடே தேவையில்லை.

பிரான்மலைக்குச் சிங்கம்புணரி வழியாகச் செல்ல வேண்டும். வள்ளல் பாரியின் பறம்புமலை அது. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதரை வணங்கிவிட்டு உச்சியிலுள்ள தர்கா வரை ஏறலாம். தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பலகாரத்திற்கு என் யோசனை ஒன்றுதான்: எண்ணெய்ச் சட்டி கண்ணெதிரே இருக்கும் கடையில் சாப்பிடுங்கள். நம் ஊரில் ஓர் ஆச்சி சாயங்காலம் திண்ணையோரம் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிறார். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார், அளவு அவ்வளவுதான். ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்து அடங்கி, மெல்ல எழும்பி, ஓரம் விரியும். சிவக்குமுன் எடுத்து வரமிளகாய்ச் சட்னியோடு தருவார். பெரிய ஓட்டலில் பல மடங்கு விலை கொடுத்தாலும் அந்தப் பதம் கிடைக்காது. கந்தரப்பம், மசாலைப் பணியாரம் விற்கும் இத்தகைய கைகளைத் தேடித்தான் ஒவ்வொரு ஊரிலும் விசாரித்து எழுதினேன்.

வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்கிறேன். விடியற்காலை பஸ் நிலையத்தில் கூடுவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் கூட வருவதில்லை. வர இயலாது என முதல் நாள் இரவே சொல்லிவிட்டால், முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்த இட்லி வீணாகாது. அதைச் செய்துதரும் அம்மாவின் உழைப்பும் வீணாகாது. வழித்தாளை நகலெடுத்து உறவினருக்கெல்லாம் கொடுத்த சிலர் இரண்டு ஆண்டுகளாகச் சந்தா செலுத்தவில்லை. அவர்கள் வசதியற்றவர்கள் அல்லர்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவுக்கும் செலவுக்கும் ஏறத்தாழச் சரியாக இருக்கிறது. சிறு தொகை கையிருப்பு உண்டு. விவரங்களைப் பொருளாளரிடம் பார்க்கலாம். தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்திற்கு இடம் தந்தவர்களுக்கும், முதலுதவிப் பெட்டி வழங்கிய அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வழித்தாளைக் கையடக்கப் புத்தகமாக அச்சிட வேண்டும். திருக்கோளக்குடியையும் சேர்க்க எண்ணம். நடக்க ஆளில்லாத பாதையை முள் மூடிவிடும். வாங்க ஆளில்லாவிட்டால் ஆச்சியும் சட்டியை இறக்கிவிடுவார். அச்சகத்தார் முன்பணம் கேட்கிறார்கள். கையிருப்பு அதற்குப் போதாது. என் கைப்பணத்தையும் ஓரளவுக்குத்தான் போட முடியும். சந்தா நிலுவை வந்துசேர்ந்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருக்கிறார். காப்பி அருந்திய பின் அவரைப் பார்த்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்