திருடன் வந்ததைச் சொல்லத் தனிக் காசு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இரண்டு முறை படித்தேன். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். சரி, இனிமேல் சண்டை.

மைக்ரோசாஃப்ட் பெரிய கம்பெனி, காசு கூடக் கேட்டாலும் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் 'பத்திரம்'தான் எனக்கு இடிக்கிறது.

2023-இல் சீனாவோடு தொடர்புடைய ஒரு கூட்டம் அமெரிக்க அரசாங்கத்தின் மின்னஞ்சல்களை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. அப்போதைய வர்த்தக அமைச்சர் ஜீனா ரைமண்டோவின் அஞ்சல்பெட்டிகூடத் தப்பவில்லை. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 அஞ்சல்கள் போயின. யாருடைய பாஸ்வேர்டையும் திருட வேண்டியிருக்கவில்லை. 'இவர் இன்னார்தான், உள்ளே விடு' என்று முத்திரை குத்துகிற மைக்ரோசாஃப்டின் சாவி ஒன்று அவர்கள் கையில் இருந்தது. 2016-இல் செய்த சாவி. 2021-லேயே ஒழித்துக் கட்டியிருக்க வேண்டியது. உன்னையும் என்னையும் போன்றவர்களின் சாதாரணக் கணக்குகளுக்கான அது, அரசாங்கப் பூட்டையும் திறந்துவிட்டது!

இதைக் கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் இல்லை, வெளியுறவுத் துறைக்காரர்கள். கூடுதல் விலை கொடுத்து மேல்தர உரிமம் வாங்கியிருந்ததால், எந்த அஞ்சல் எப்போது திறக்கப்பட்டது என்ற பதிவு அவர்களுக்குக் கிடைத்தது. மலிவான உரிமம் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பதிவே கிடையாது. நம் தெரு கூர்க்கா மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, 'திருடன் வந்தானா இல்லையா என்று சொல்லத் தனியாக நூறு ரூபாய்' என்றால் நீ விடுவாயா? ஊர் சிரித்த பிறகுதான் அந்தப் பதிவுகளைக் கூடுதல் கட்டணமில்லாமல் தர ஒப்புக்கொண்டார்கள்.

2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம், இது தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல், கம்பெனியின் பாதுகாப்புப் பண்பாடே போதாது என்று எழுதிவிட்டது. சாவி எப்படிப் போனது என்று 2023 செப்டம்பரில் கம்பெனி ஒரு விளக்கம் சொன்னது. அதற்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்த பிறகும், 2024 மார்ச் வரை திருத்தவில்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

இவ்வளவுக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் ஓடினார்களா? எங்கே ஓடுவது? எழுதுவது வேர்டில், கூடிப் பேசுவது டீம்ஸில், உள்ளே நுழைவதே அவர்கள் வாசல் வழியாக. டான் கீர் என்ற பாதுகாப்பு நிபுணர் இந்த ஏகபோகமே ஆபத்து என்று 2003-லேயே வேறு சிலருடன் சேர்ந்து எழுதினார். மைக்ரோசாஃப்டை வாடிக்கையாளராக வைத்திருந்த கம்பெனியில் வேலை அவருக்கு. அறிக்கை வந்த கையோடு வேலை போயிற்று. டெல்டா முழுக்க ஒரே ரக நெல்லை நட்டால் புகையான் பூச்சி ஒரு வயலோடு நிற்குமா? 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தனவே. பிழை மைக்ரோசாஃப்டுடையது இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயல் ஒன்றுதானே?

அப்புறம், விண்டோஸ் 10 கதை உனக்கே தெரியும். 2025 அக்டோபர் 14-ஓடு கைகழுவிவிட்டார்கள். மேலும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமானால் 30 டாலர், இல்லையென்றால் உன் கணினியின் செட்டிங்ஸை அவர்கள் கணக்கில் ஏற்றிவை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சத்தம் போட்டதும் அங்கே மட்டும் விதி தளர்ந்தது.

பொங்கலுக்கு வரும்போது உன் பழைய லேப்டாப்பை எடுத்து வா, கூடவே ஒரு பென்டிரைவும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன். பிரிண்டர் ஓடுமா என்று மட்டும் இப்போதே கேட்காதே.

அன்புடன்,
ராஜு